திரைக்கு வெளியே பாஹ்: இரண்டு இத்தாலிய இசைத்தட்டுகளும் ஒரு தமிழ்த் தொகுப்பும்

1971இல் இத்தாலியில் ‘கான்செர்ட்டோ க்ரோஸோ பெர் இ நியூ ட்ரோல்ஸ்’ என்ற இசைத்தட்டு வெளியானது. 1986இல் தமிழகத்திலிருந்து ‘ஹவ் டு நேம் இட்?’ வந்தது. முதலாவதில் ஜெனோவா நகரத்து ராக் குழுவான நியூ ட்ரோல்ஸுக்காக ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளை எழுதியவர் லூயிஸ் பகாலோவ். இரண்டாவதை இயற்றியவர் இளையராஜா. இருவருமே திரைப்பட இசையமைப்பாளர்கள். இருவரும் திரைப்பாடலின் அளவுகளிலிருந்து விலகி, 17, 18ஆம் நூற்றாண்டுகளுக்குரிய ஐரோப்பிய பரோக் இசையின் வடிவங்களைக் கையில் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் பரோக்கிடம் கேட்டது ஒன்றல்ல. இத்தாலிய முயற்சி இரண்டு ஒலியுலகங்களை எதிரெதிரே நிறுத்தியது. இளையராஜாவின் முயற்சி இரண்டு இசை மரபுகளை ஒரே மெல்லிசைக் கோட்டின் மேல் சந்திக்க வைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒவ்வொன்றின் தனித்தன்மையும் கூடுதல் தெளிவோடு புலப்படும்.

இத்தாலியில் புரோகிரசிவ் ராக்

புரோகிரசிவ் ராக் 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. மூன்று நிமிடப் பாடல் என்ற அளவை மீறுவது, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்பாக அமைப்பது, சீரற்ற தாளங்களைக் கையாள்வது, செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் வடிவங்களை எடுத்துக்கொள்வது ஆகியவை அதன் இயல்புகள். 1967இல் மூடி ப்ளூஸ் குழு ஆர்கெஸ்ட்ராவுடன் தொகுப்பு வெளியிட்டது. 1969இல் டீப் பர்ப்பிள் குழு லண்டனில் ஆர்கெஸ்ட்ராவுடன் மேடையேறியது.

இந்தப் பாணி இங்கிலாந்துக்கு வெளியே மிக ஆழமாக வேர்விட்ட நாடுகளில் ஒன்று இத்தாலி. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலேயக் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ தொகுப்பு, சொந்த நாட்டில் பெறாத முதலிடத்தை 1972இல் இத்தாலியில் பெற்றது. பிரேமியாட்டா ஃபோர்னேரியா மார்க்கோனி, பாங்கோ டெல் முட்டுவோ சொக்கோர்ஸோ, லெ ஓர்மே, ஓசன்னா, ஆரேயா ஆகிய குழுக்கள் சில ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாகத் தொகுப்புகளை வெளியிட்டன. இங்கிலாந்தின் குழுக்களுக்குச் செவ்வியல் இசை வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த பொருள். இத்தாலியருக்கோ அது சொந்தப் பாட்டன் சொத்து. கான்செர்ட்டோ, சொனாட்டா, ஓப்பரா ஆகிய வடிவங்கள் பிறந்ததே அவர்களது மண்ணில்தான். இந்த உரிமை உணர்வு அவர்களது ராக் இசையில் மெல்லிசைக்கு முதலிடம் கொடுத்தது. ஆர்கெஸ்ட்ராவைத் தயக்கமின்றிக் கையாளவும் துணிவு தந்தது.

ராக் குழுவும் நரம்புக்கருவிக் குழுவும்

கான்செர்ட்டோ க்ரோஸோ என்பது பரோக் காலத்து இத்தாலிய வடிவம். இதில் தனிக் கலைஞர்களைக் கொண்ட சிறு குழு ஒன்றும், அதைச் சூழ்ந்த பெரிய குழு ஒன்றும் மாறி மாறி வாசிக்கும். அடர்த்தியும் மென்மையும் முறை வைத்து வருவதே இதன் அழகு. இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ஆறாம் ஓப்பஸ் கான்செர்ட்டோக்கள் இந்த வடிவத்தின் முன்மாதிரிகளாகக் கருதப்படுகின்றன.

பகாலோவ் செய்தது எளிமையான, துணிச்சலான ஒரு மாற்றம். சிறு குழு இருக்க வேண்டிய இடத்தில் ராக் குழுவை வைத்தார். மின்கித்தார், பேஸ், டிரம்ஸ் ஒரு பக்கம். வயலின்களும் செல்லோக்களும் மறுபக்கம். தட்டின் முதல் பக்கத்தில் நான்கு பகுதிகள். முதலாவது வேகமான அல்லெக்ரோ. இரண்டாவது மெதுவான அடாஜியோ. இதன் பாடல் வரிகள் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்துத் தன்னுரையைச் சார்ந்தவை. மூன்றாவதில் தனி வயலினின் கடென்ஸா, அதாவது தனிக் கலைஞர் தன் திறனைக் காட்டும் பகுதி, வருகிறது. நான்காவது பகுதி, 1970 செப்டம்பரில் மறைந்த கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கை. இரண்டாம் பக்கம் முழுவதும் நேரடியாகப் பதிவான ராக் மனோதர்மம். அங்கே ஆர்கெஸ்ட்ரா இல்லை.

தட்டின் இந்த அமைப்பே அதன் கருத்தைச் சொல்லிவிடுகிறது. எழுதிய இசை ஒரு பக்கம், எழுதாத இசை மறுபக்கம். முதல் பக்கத்துக்குள்ளும் ஆர்கெஸ்ட்ராவும் ராக் குழுவும் ஒன்றையொன்று தொடர்கின்றன, சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒலிக்கின்றன. ஆனாலும் எது எவருடைய குரல் என்பதில் கேட்பவருக்குக் குழப்பமே வருவதில்லை. இந்த இசை ‘லா வித்திமா தெசிஞ்ஞாத்தா’ என்ற 1971ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் பயன்பட்டது. திரையுலகின் பதிவுக்கூடமும் ஆர்கெஸ்ட்ராவும் இல்லாமல் இப்படியொரு சோதனை நடந்திருப்பது கடினம்.

பகாலோவ் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இதே வழியில் மேலும் இரண்டு தொகுப்புகளைச் செய்தார். 1972இல் நேப்பிள்ஸ் நகரத்து ஓசன்னா குழுவுடன் ‘மிலானோ காலிப்ரோ 9’ திரைப்படத்துக்கான இசை. 1973இல் ரோமின் இல் ரொவேஷோ தெல்லா மெதாலியா குழுவுடன் ‘கொன்டாமினாட்சியோனே’. மூன்றாவது தொகுப்பு நேரடியாகவே யோஹான் செபாஸ்டியன் பாஹின் ‘வெல் டெம்பர்டு கிளாவியர்’ நூலிலுள்ள சில முன்னிசைகளையும் ஃபியூக்குகளையும் அடித்தளமாகக் கொண்டது. அதில் பாஹின் சொற்றொடர்கள் துண்டு துண்டாகத் தோன்றி, கனத்த கித்தார் ஒலிக்குள் கரைந்து, மீண்டும் மேலெழுகின்றன. ‘கான்செர்ட்டோ க்ரோஸோ’வின் சமநிலை இங்கே கிடையாது. மோதலையே அழகாக ஏற்கச் சொல்லும் இசை இது. அர்ஜென்டினாவில் 1933இல் பிறந்து இத்தாலியில் வாழ்ந்த பகாலோவ், பின்னர் ‘இல் போஸ்தினோ’ படத்தின் இசைக்காக ஆஸ்கர் விருது பெற்றார், 2017இல் மறைந்தார்.

தமிழகத்தில் ஆர்கெஸ்ட்ரா வளர்ந்த வழி

இளையராஜாவின் தொகுப்புக்குப் பின்னால் இருப்பது ராக் குழு அல்ல, தமிழ்த் திரையிசையின் பதிவுக்கூட ஆர்கெஸ்ட்ரா. அதன் வரலாற்றில் கொங்கு நாட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு. கோவை சிங்காநல்லூரில் இயங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜுபிடர் பிக்சர்ஸ் நிறுவனம் தன் படங்களை எடுத்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் அங்கிருந்து வந்த படம். அதன் இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு. அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்தான் எம். எஸ். விஸ்வநாதன். ஜுபிடர் சென்னைக்கு இடம் மாறியபோது அவரும் அங்கே போனார். பிறகு வயலின் கலைஞர் டி. கே. ராமமூர்த்தியுடன் இணைந்து தமிழ்ப் பாட்டின் பின்னணிக் குழுவை விரிவாக்கினார்.

வாசிக்கும் ஆட்கள் வேறு வழிகளில் வந்தார்கள். கோவைக்கு அருகிலுள்ள போத்தனூர் 1862 முதல் சென்னை–மேற்குக் கரை இரயில் பாதையில் ஒரு நிலையம். பின்னர் முக்கியச் சந்திப்பாக வளர்ந்தது. அங்கே இருந்ததுபோன்ற இரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வாழ்வோடு பியானோவும் கித்தாரும் நடன இசையும் கலந்திருந்தன. தேவாலயப் பாடகர் குழுக்கள் பலகுரல் இசையைப் பழக்கின. காவல்துறை, இராணுவ பேண்டுகள் ஊதுகருவிகளைப் பழக்கின. கர்நாடக வயலின் மரபோ அதற்கும் முந்தியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சென்னைப் பதிவுக்கூடங்களில் இவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

இளையராஜா 1943இல் இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். அந்த அண்ணன் கோவையில் வாங்கிய ஹார்மோனியமே தம்பியின் முதல் கருவி. 1968இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்துமுறையையும் ஹார்மனியையும் கவுன்டர்பாயின்ட்டையும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார் தேர்வில் தேறினார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, பத்தாண்டுகளாக ஒவ்வொரு நாளும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி, எழுதியதை அன்றே கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஐரோப்பிய இசைக் கல்லூரி மாணவருக்குக்கூட எளிதில் கிட்டாத பயிற்சி இது. ‘ஹவ் டு நேம் இட்?’ அந்தப் பயிற்சியின் விளைவு.

தொகுப்பின் கட்டமைப்பு

பத்துப் பகுதிகள் கொண்ட இந்தத் தொகுப்பு தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாஹ் 1685 முதல் 1750 வரையும், தியாகராஜர் 1767 முதல் 1847 வரையும் வாழ்ந்தவர்கள். ஒருவர் லூத்தரன் தேவாலயத்துக்கும் மற்றவர் இராமபக்திக்கும் தம் இசையைக் கொடுத்தவர்கள். இருவரின் இசையும் கறாரான இலக்கணத்துக்குள் சுதந்திரம் தேடுவது. ‘யூ கேனாட் பி ஃப்ரீ’, ‘இட் இஸ் ஃபிக்ஸ்டு’, ‘டூ எனிதிங்’ என்று பகுதிகளுக்கு வைத்த பெயர்களிலேயே இந்தப் பிடிமானமும் விடுதலையும் மாறி மாறி வருகின்றன. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’, ‘ஸ்டடி ஃபார் வயலின்’, ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ ஆகியவை வடிவத்தைப் பெயரிலேயே அறிவிப்பவை. முன்வரிசை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன், கர்நாடக முறையிலும் மேற்கத்திய முறையிலும் ஒருங்கே தேர்ந்தவர்.

இந்தியக் கலப்பிசையில் இதற்கு முன்பே பெயர் பெற்ற முயற்சிகள் இருந்தன. 1970களில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோர் சேர்ந்த சக்தி குழு அவற்றில் முதன்மையானது. சக்தியின் அடிப்படை மனோதர்மம். கலைஞர்கள் மேடையில் ஒருவருக்கொருவர் பதில் சொல்லி இசையை வளர்த்தார்கள். இளையராஜாவின் வழி இதற்கு நேரெதிர். ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டது. கர்நாடக இசையின் உயிர் மனோதர்மத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் சூழலில், அதன் ராகங்களை முழுக்க முழுக்க எழுதி வாசிக்க வைத்ததே இங்கே நடந்த பெரிய சோதனை.

ராகத்துக்குள் ஃபியூக்

ஃபியூக் என்பது ஒரே கருத்தைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நடத்தும் வடிவம். முதல் குரல் கருத்தை ஆதார சுருதியைச் சார்ந்து சொல்லும். இரண்டாம் குரல் அதையே ஐந்து சுரங்கள் தள்ளி, பஞ்சமத்தைச் சார்ந்து பதிலாகச் சொல்லும். அப்போது முதல் குரல் ஓய்ந்துவிடாது. பதிலுக்கு இசைவான வேறொரு வரியைத் தொடர்ந்து வாசிக்கும். மூன்றாம், நான்காம் குரல்களும் இப்படியே சேரும். இதை ராகத்துக்குள் செய்வதில் என்ன இடர் என்பதைச் சுரக் கணக்கிலேயே காட்டலாம்.

முதல் குரலின் ச ரி க ம, பதில் குரலில் ப த நி ச ஆகிறது. இடைவெளிகள் மாறாமல் இருக்க வேண்டுமானால், ராகத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். சங்கராபரணம், மாயாமாளவகௌளை, கரகரப்பிரியா, தோடி ஆகிய மேளங்கள் அப்படிப்பட்டவை. மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதியில் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் நிற்கும் அதே தூரத்தில், மேற்பாதியில் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் நிற்கின்றன. இங்கே பதில் குரல் ராகத்தைவிட்டு வெளியே போகாது. கருத்து பஞ்சமத்தைத் தொட்டால் மட்டும் சிக்கல். பஞ்சமத்துக்கு நேரான பதில் சதுச்ருதி ரிஷபம்; மாயாமாளவகௌளையில் அது கிடையாது.

ஐரோப்பிய ஃபியூக் மரபு, தன் சொந்தக் காரணங்களுக்காக, இதற்கு ஒரு வழியை முன்பே வைத்திருக்கிறது. கருத்தில் பஞ்சமம் முக்கியமான இடத்தில் வந்தால், பதிலில் ரிஷபத்துக்குப் பதிலாக ஷட்ஜத்தையே வைப்பது அது. ராகத்தின் தேவையும் ஃபியூக்கின் வழக்கமும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன. சண்முகப்பிரியா போன்ற ராகத்தில் நிலைமை வேறு. கீழ்ப்பாதியில் சதுச்ருதி ரிஷபம், மேற்பாதியில் சுத்த தைவதம்; பிரதி மத்தியமத்துக்கு நேரான பதிலோ மேல் ஷட்ஜத்தையும் தாண்டிப்போகிறது. அங்கே கருத்தின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு பதிலைப் புதிதாக வார்க்க வேண்டியிருக்கும். எழுதுபவருக்கு இரண்டு இலக்கணங்களும் கைவசம் இருந்தால்தான் இது சாத்தியம்.

இதனால்தான் இளையராஜாவின் வழி பெரும்பாலும் கவுன்டர்பாயின்ட்டை நாடுகிறது. சுரங்களை அடுக்கி கார்டுகளாகப் பின்னால் நிறுத்தினால், ராகத்தில் இல்லாத சுரம் நுழைந்துவிடலாம். நுழையாவிட்டாலும் ராகத்தின் நடை மேஜர், மைனர் ஸ்கேல்களின் நடையாகத் தட்டையாகிவிடலாம். கவுன்டர்பாயின்ட்டில் ஒவ்வொரு வரியும் தன்னளவில் ஒரு மெல்லிசை. அதனால் ஒவ்வொரு வரியும் ராகத்தின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க முடியும். ஹார்மனி அந்த வரிகள் சந்திக்கும் புள்ளிகளில் தானாகப் பிறக்கிறது. பாஹின் இசையும் இப்படித்தான் நடப்பது. தியாகராஜரோடு சேர்க்க மொசார்ட்டையோ பேத்தோவனையோ தேடாமல் பாஹைத் தேர்ந்ததற்கு இசைக் காரணம் இதுவே.

பாஹோடு ஓர் உரையாடல்

‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ பகுதியின் அடித்தளம் பாஹ் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முன்னிசை. 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் உள்ள இந்தப் படைப்பில் துணைக்கருவி எதுவும் கிடையாது. ஒற்றை வயலின் இடைவிடாத வேகமான சுரங்களால் பல குரல்கள் இருப்பதான தோற்றத்தை உண்டாக்குகிறது. இளையராஜா இதற்கு வெளியிலிருந்து வரிகளைச் சேர்க்கிறார். முடிந்துவிட்ட ஒரு செவ்வியல் படைப்பின் மேல் இன்னொருவர் எழுதலாமா என்ற கேள்வி இங்கே எழும்.

அதற்குப் பாஹே முன்னுதாரணம். இதே முன்னிசையை 1731இல் தம் 29ஆம் எண் கான்டாட்டாவின் தொடக்கத்தில் ஆர்கனுக்கு மாற்றி, ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து அவர் பயன்படுத்தியிருக்கிறார். தனி வயலின் வரிக்குள் அடங்கிக் கிடந்த பிற குரல்களை அவர் வெளியே எடுத்துக் காட்டினார். கர்நாடக மரபிலும் முடிந்த கீர்த்தனைக்கு வழிவழியாக வந்த பாடகர்கள் சங்கதிகளைச் சேர்த்தே வந்திருக்கிறார்கள். இந்த இரண்டு வழக்கங்களும் சந்திக்கும் இடத்தில் இந்தப் பகுதி நிற்கிறது. அடுத்து வரும் ‘அண்ட் வி ஹேட் எ டாக்’ அதே சந்திப்பின் தொடர்ச்சி. பகாலோவின் ‘கொன்டாமினாட்சியோனே’வில் பாஹ் உடைக்கப்பட்டு வேறொன்றாகிறார். இங்கே பாஹின் வரி பாஹின் வரியாகவே இருந்துகொண்டு, தன் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் கொடுக்கிறது.

கமகமும் கணக்கும்

ராகத்தின் அடையாளம் சுரங்களில் மட்டும் இல்லை. சுரங்களை அசைக்கும் கமகத்தில் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை அசையாமல் வாசித்தால் அது தோடியாகாது. ஹார்மனிக்கோ அசையாத சுரங்கள் வேண்டும். அசைந்தால் சந்திக்கும் புள்ளிகள் மங்கும். இந்த முரணுக்குப் பதிவுக்கூடத்தின் வயலின் வரிசை ஒரு நடைமுறைத் தீர்வைத் தந்தது. வேகமான, அடர்த்தியான இடங்களில் சுரங்கள் நிமிர்ந்து நிற்கும். துணைவரிகள் விலகும் இடங்களில் தனி வயலின் கமகத்தோடு பேசும். நரசிம்மன் இந்த வழியைப் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் மூலம் மேலும் எடுத்துச் சென்றார். அங்கே இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட குழு கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்தது.

தாளத்தில் தமிழ்க் கேட்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. புரோகிரசிவ் ராக் கேட்பவர்கள் ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளங்களுக்குப் பெருமதிப்புக் கொடுப்பார்கள். ஆரேயா குழு பால்கன், மத்தியதரைக் கடல் பகுதிகளின் நடனங்களிலிருந்து இத்தகைய கணக்குகளை எடுத்துவந்தபோது இத்தாலியருக்கே அது புதுமை. கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் பழகிய காதுக்கு இந்த எண்ணிக்கைகள் புதிரல்ல. அந்தக் காது கவனிக்க வேண்டியது எண்ணிக்கை எங்கே மாறுகிறது என்பதையே. அல்லெக்ரோவிலிருந்து அடாஜியோவுக்குப் போகும்போது நியூ ட்ரோல்ஸ் தட்டில் காலமே மாறுகிறது. கச்சேரிப் பழக்கத்திலோ ஒரு உருப்படிக்குள் காலப்பிரமாணம் பெரும்பாலும் நிலையாக நிற்கும்.

இத்தகைய தொகுப்பை ரசிப்பதற்கு மூன்று முறை கேட்பது உதவும். முதல் முறை மேலே ஓடும் மெல்லிசையை மட்டும் பின்தொடரலாம். இரண்டாம் முறை பேஸ் வரியை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்; இளையராஜாவின் பேஸ் வரி ஆதார சுருதியை மட்டும் ஊன்றிக்கொண்டிருக்காமல் தனி மெல்லிசையாக நடப்பதை அப்போது உணரலாம். மூன்றாம் முறை நடுவிலுள்ள வரிகளை, அதாவது வயோலாக்களும் இரண்டாம் வயலின்களும் செய்வதைத் தேட வேண்டும். பகாலோவின் தட்டில் நடுவரிகள் பெரும்பாலும் மேல்வரிக்கு உடம்பு சேர்ப்பவை. ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் நடுவரிகளுக்குத் தனிக் கதை உண்டு.

பின்விளைவு

‘கான்செர்ட்டோ க்ரோஸோ’ போலவே இந்தத் தொகுப்பும் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் இதன் பகுதிகளே பின்னணி இசையாயின. பாடல்களே இல்லாத அந்தப் படம், ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்வது. 1988இல் இளையராஜா ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பை ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வெளியிட்டார். அதில் கவுன்டர்பாயின்ட்டின் இறுக்கம் தளர்ந்து, ஆர்கெஸ்ட்ராவின் நிறங்கள் முன்னுக்கு வந்தன. 2005இல் ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வெளிவந்தது. 2025 மார்ச் 8இல் லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது.

இத்தாலிய புரோகிரசிவ் ராக் 1970களின் இறுதிக்குள் வேகம் குறைந்து, பின்னர் உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களால் மீட்டெடுக்கப்பட்டது. ஒரு பாணியாக அது பல குழுக்களைப் பெற்றது. தமிழகத்தில் ‘ஹவ் டு நேம் இட்?’ பாணியாக வளரவில்லை. அதற்கு வேண்டிய எழுத்துப் பயிற்சி, ஆர்கெஸ்ட்ரா, பதிவுக்கூடம் ஆகியவை திரைத்துறைக்கு வெளியே ஒரே இடத்தில் அமையவில்லை என்பது முதன்மைக் காரணம். ராக் குழுவை நான்கு பேர் ஒரு வீட்டின் பின்னறையிலும் தொடங்கிவிடலாம். நரம்புக்கருவிக் குழுவுக்கு எழுதி வாசிக்க வைக்க ஒரு தொழில்துறையே வேண்டும். அதனால் இந்தத் தொகுப்பின் பயன் திரைக்குள்ளேயே தங்கியது. 1980களின் பிற்பகுதித் தமிழ்த் திரைப்பாடல்களின் இடையிசையில், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலுள்ள சில நொடிகளில், வயலின்கள் ஒன்றையொன்று துரத்திப் பதில் சொல்லும் இடங்கள் இந்தத் தொகுப்பின் இலக்கணத்திலேயே எழுதப்பட்டவை.